கதை கொடுத்த வாக்கு

(உம்பாயில் வாசகர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மெர்லிமாவ், செர்காம், ஜாசின் பக்கமிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும், தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் கதைப்புத்தகத்தைக் கைவிடாத அம்மாமாருக்கும், மலாக்கா நகரிலிருந்து வந்திருக்கும் இளைஞர்களுக்கும் என் அன்பு. காதல் நாவலையும் சரித்திர நாவலையும் எப்படிப் படிப்பது, எப்படி மதிப்பிடுவது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பொருள். கொஞ்சம் கோபமும் உள்ள பொருள்.

மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது 1917இல் க. வெங்கடரத்தினம் எழுதிய 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. தலைப்பிலேயே காதல் இருக்கிறது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், 1895இல், திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி' சென்னையில் அச்சேறியது. நாயக்கர் காலத்துத் திருச்சியையும் தஞ்சையையும் களமாகக் கொண்ட அந்த நூலைத் தமிழின் முதல் சரித்திர நாவல் என்று ஆய்வாளர்கள் குறிக்கிறார்கள். அதுவும் ஒரு காதல் கதைதான். ஆக, கடல் கடந்த நாடுகளின் தமிழர்கள் நாவல் எழுதத் தொடங்கிய காலத்திலேயே கைக்கு வந்த வகைகள் இவை இரண்டும். அப்படிப்பட்ட வகைகளைப் பற்றி இன்று இலக்கிய மேடையில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். "நான் சாண்டில்யன் எல்லாம் படிப்பேன், ஆனால்..." என்று தொடங்கும் வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அந்த 'ஆனால்' எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த நூல்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் அநீதி நடக்கிறது. படித்தவர்கள் பலர் பக்கத்தைத் திறக்காமலே 'வணிக எழுத்து' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னொரு கூட்டம், சோழன் கடல் கடந்தான் என்று எழுதியிருந்தால் போதும், அது மகத்தான நாவல் என்று மாலை போடுகிறது. இரண்டு கூட்டமும் புத்தகத்தைப் படிக்கவில்லை. முதல் கூட்டம் அட்டையைப் பார்த்தது, இரண்டாவது கூட்டம் தன் குலப்பெருமையைப் பார்த்துக்கொண்டது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒவ்வொரு கதையும் முதல் சில பக்கங்களிலேயே வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. 'அந்தக் காலத்தில் அந்த மண்ணில் மனிதர்கள் இப்படி வாழ்ந்திருக்கக்கூடும், உன்னை அங்கே கூட்டிப் போகிறேன்' என்பது சரித்திர நாவலின் வாக்கு. 'இந்த இருவரும் ஒருவரை ஒருவர் உண்மையாகவே அறிந்து சேர்வார்கள், அல்லது அறிந்து பிரிவார்கள்' என்பது காதல் நாவலின் வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றினாரா என்று கேட்பதுதான் மதிப்பீடு. வாக்கை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்பது, பாட்டுக் கச்சேரிக்குப் போய் நாடகம் எங்கே என்று கேட்பதாகிவிடும்.

முதலில் கல்கி. எல்லாருக்கும் தெரிந்த நூல் என்பதால் விசாரணையை அங்கே தொடங்குவது வசதி. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடராகத் தொடங்கியது. ஆதித்த கரிகாலனின் கொலை அதன் மையம். அந்தக் கொலையைப் பற்றி நமக்குள்ள உறுதியான சான்று காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு. கொலையில் சம்பந்தப்பட்ட துரோகிகளின் நிலத்தையும் உறவினரின் நிலத்தையும் பறிமுதல் செய்வது பற்றி இராசராசன் ஆட்சியின் இரண்டாம் ஆண்டில் வெட்டப்பட்டது அது. இரவிதாசனின் பெயர் அதில் இருக்கிறது. ஏன் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்பது அதில் இல்லை.

கல்கியின் திறமை இந்த இடத்தில் தெரிகிறது. கல்வெட்டு பேசும் இடத்தில் அவர் அதை மறுத்துப் பேசவில்லை. அது மௌனமாகும் இடத்தில் நந்தினியைக் கொண்டுவருகிறார். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், ஊமை ராணி ஆகியோர் எந்தக் கல்வெட்டிலும் இல்லாதவர்கள். வல்லவரையர் வந்தியத்தேவரோ கல்வெட்டில் குந்தவையின் கணவராக ஒரு பெயராக மட்டும் இருக்கிறார். அந்தப் பெயருக்குக் கல்கி ஒரு குதிரையும், வாய்த்துடுக்கும், பசியும் கொடுத்தார். கடைசியில் கொலைக் கத்தியைப் பிடித்த கை யாருடையது என்பதை வாசகர் அடித்துச் சொல்ல முடியாதபடி விட்டார். இதைக் குறை என்பவர்கள் உண்டு. சான்று அவ்வளவுதான் சொல்கிறது, அதற்கு மேல் தீர்ப்பெழுத எனக்கு உரிமையில்லை என்று ஒரு நாவலாசிரியர் நிற்பது எனக்குப் பெரிய நேர்மையாகப் படுகிறது.

வால்டர் ஸ்காட் 1814இல் 'வேவர்லி'யை வெளியிட்டபோது ஐரோப்பாவில் சரித்திர நாவலுக்கு ஒரு வழி பிறந்தது. பின்னாளில் ஹங்கேரியச் சிந்தனையாளர் லூக்காச் அந்த வழியை ஆராய்ந்து, ஸ்காட்டின் நாயகர்கள் அரசர்களோ மாவீரர்களோ அல்லர், நடுத்தரமான மனிதர்கள், சண்டையிடும் இரு தரப்புக்கும் இடையே போய்வரக் கூடியவர்கள், அதனால்தான் வாசகரால் இரு பக்கத்தையும் பார்க்க முடிகிறது என்றார். வந்தியத்தேவன் அந்த வேலையைத்தான் செய்கிறான். பழுவேட்டரையர் கோட்டை, குந்தவையின் மாளிகை, நந்தினியின் அறை, காஞ்சி, ஈழம் எல்லா இடத்திலும் அவன் நுழைகிறான். அவன் இல்லாவிட்டால் கதை அரண்மனைச் சுவருக்குள்ளேயே அடைபட்டிருக்கும். சரித்திர நாவலைப் படிக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: அரசனின் தோளுக்குப் பின்னாலிருந்து மட்டும் காட்டுகிறாரா, வேறு எங்காவது நம்மை நிறுத்துகிறாரா?

காலப் பிசகு பற்றியும் ஒரு வார்த்தை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைக் கடாரத்து அரசன் எழுப்பியது இராசராசன் ஆட்சிக் காலத்தில் என்பது ஆனைமங்கலச் செப்பேட்டால் தெரிவது. கல்கியின் கதையிலோ இராசராசன் பட்டத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த விகாரத்தில் நோயாளியாகத் தங்குகிறான். பிழை பிடிப்பவர்களுக்கு இது ஒரு கொண்டாட்டம். நான் கேட்பது வேறு. காலத்தை முன்னே இழுத்ததால் கதைக்கு என்ன கிடைத்தது? கடல் கடந்த பௌத்தர்களின் கருணையில் ஒரு சோழ இளவரசன் பிழைத்தான் என்ற உறவு கிடைத்தது. சும்மா அறியாமையால் வரும் பிசகு வேறு, ஏதோ ஒன்றைச் சம்பாதித்துக் கொடுக்கும் பிசகு வேறு. ரப்பர் மரம் சீவியவர்களுக்கு இது புரியும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலாக ஓடினால் பால் வராது. சரித்திரத்தில் கற்பனை இறங்க வேண்டிய ஆழமும் அப்படி அளவானது.

இப்போது நம் கடலுக்கு வருகிறேன். 1025ஐ ஒட்டி இராசேந்திரனின் கப்பல்படை கடாரம் கொண்டது. அவனுடைய மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், நக்கவாரம், கடாரம் என்று ஊர்களை அடுக்குகிறது. பின்னால் வீரராசேந்திரன் காலத்தில், உதவி கேட்டு வந்த ஓர் அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே திருப்பிக் கொடுத்ததாகவும் கல்வெட்டு உண்டு. இந்தப் பின்னணியில்தான் சாண்டில்யன் 'கடல் புறா'வை மூன்று பாகங்களாக எழுதினார். கலிங்கத்துப்பரணியில் படைத்தலைவனாக வரும் கருணாகரத் தொண்டைமான் அதில் 'இளைய பல்லவன்' என்ற இளைஞன். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி, அட்சய முனையின் மஞ்சளழகி, அரபு அமீர், சீனக் கொள்ளைத் தலைவன் அகூதா. இந்தப் பெயர்களை நான் சொன்னதும் முன்வரிசையில் சிலர் முகம் மலர்வது தெரிகிறது.

இந்த நூல் கொடுத்த வாக்கில் பாதியைச் சாண்டில்யன் நிறைவாகக் காப்பாற்றினார் என்பது என் தீர்ப்பு. கப்பல் அவருக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் அடித்தால் பாய் எப்படித் திரும்பும், எதிரிக் கப்பலின் எந்த இடத்தில் மோத வேண்டும், ஒரு துறைமுகத்தைக் கைப்பற்ற அதன் மலையையும் வாயிலையும் எப்படிக் கணக்கிட வேண்டும் என்று அவர் எழுதும் பக்கங்களைப் படித்துவிட்டு இங்கிருந்து வெளியே போய் நின்றால், புலாவ் பெசார் தீவுக்கும் நமக்கும் நடுவிலுள்ள தண்ணீரே வேறு மாதிரித் தெரியும். இந்த நீரிணையைத் தமிழில் இவ்வளவு உற்சாகத்தோடு இலட்சக்கணக்கானவர்களுக்குக் காட்டியவர் வேறு யார்?

மற்றப் பாதியில் அவர் தவறினார். பெண்களை அறிமுகப்படுத்தும்போது அவருடைய கப்பல் நின்றுவிடுகிறது. இளைய பல்லவனைப் பற்றிச் சொல்லும்போது அவன் யோசனை, அச்சம், தந்திரம் எல்லாம் வருகின்றன. பெண் வந்தால் உடல் வருணனை பக்கக்கணக்கில் ஓடுகிறது. ஒரு நாவலில் படித்த சொற்களே அடுத்த நாவலிலும் வருகின்றன. மஞ்சளழகி அட்சய முனைக் கரையில் வளர்ந்தவள். அந்தக் கரையைப் பற்றி அவளுக்கு என்ன தோன்றியது, சோழக் கப்பல் வந்து நின்றபோது அவள் ஊர்க்காரர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? அதைக் கேட்க ஆசைப்படும் வாசகர் நான். கப்பல் தட்டிலிருந்து கரையைப் பார்க்கும் கண் அந்த நாவல் முழுக்க இருக்கிறது. கரையிலிருந்து கப்பலைப் பார்க்கும் கண் குறைவு.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 'பொன்னியின் செல்வ'னும் 'கடல் புறா'வும் 'கல்கி'யிலும் 'குமுத'த்திலும் வாராவாரம் வந்த தொடர்கள். நாயகன் கழுத்தில் வாள் படும் இடத்தில் அத்தியாயம் முடிவதும், அடுத்த வாரம் பழைய செய்தியை மறுபடி சொல்லித் தொடங்குவதும் வாரப் பத்திரிகையின் தேவை. அந்த நாளில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கப்பலில் வந்து சேரக் காத்திருந்த மலாயா வாசகருக்கு அந்த நினைவூட்டல் உபகாரமாகக்கூட இருந்திருக்கும். கட்டிய புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும்போது அது சலிக்கிறது. இந்தச் சலிப்பை ஆசிரியர் தலையில் போட வேண்டாம். பெண்ணைப் பார்த்த விதமோ தொடரின் தேவையால் வந்ததில்லை. அது ஆசிரியருடைய பார்வை. அதை அவரிடமே கேட்கலாம்.

கரையிலிருந்து பார்க்கும் கண் எங்கே கிடைக்கும்? நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் பெயர் கேட்டிருக்கும் பழைய மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில் கிடைக்கும். அதன் தொடக்கப் பகுதியில் ஒரு கதை வருகிறது. கெலிங் நாட்டு, அதாவது தென்னிந்திய, மாமன்னன் ஒருவன், படிகளுக்குப் படி ராஜா சூரான் என்றும் ராஜா சூலான் என்றும் பெயர் மாறி வருபவன், கங்கா நகரத்தை வீழ்த்திவிட்டுச் சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் தெமாசிக் என்ற பழைய சிங்கப்பூர் வரை வந்துவிடுகிறான். சீன அரசன் படை அனுப்பவில்லை. பல் போன கிழவர்களையும், துருவேறிய ஊசிகளையும், காய்த்து நிற்கும் பழமரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறான். "நாங்கள் கிளம்பும்போது இளைஞர்கள், இந்த ஊசிகள் அப்போது பருத்த இரும்புக் கம்பிகள், இந்த மரங்கள் விதைகள்" என்ற பொருளில் அந்தக் கிழவர்கள் சொல்ல, சீனம் அவ்வளவு தூரமா என்று மன்னன் திரும்பிவிடுகிறான். பிறகு கண்ணாடிப் பெட்டியில் கடலுக்கடியில் இறங்கி அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். மலாய் அரச வம்சத்தின் கதை அந்த மணத்திலிருந்து வளர்கிறது.

சூரான், சூலான் என்ற அந்தப் பெயரில் சோழரின் நினைவு எஞ்சியிருக்கிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எவ்வளவு அழகான விஷயம் பாருங்கள். தஞ்சைக் கல்வெட்டு வெற்றிப் பட்டியல் போட்டது. அதே நிகழ்வின் நினைவைக் கரையிலிருந்தவர்கள் கிழவர்களின் சாமர்த்தியமாகவும் ஒரு கல்யாணமாகவும் மாற்றி வைத்துக்கொண்டார்கள். இதுவும் சரித்திரக் காதல் கதைதான். 'கடல் புறா'வையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வாய்ப்பு சென்னை வாசகருக்கு எளிதில் கிடைக்காது. இரண்டு மொழியும் தெரிந்த உங்களுக்குக் கிடைக்கும்.

'செஜாரா மெலாயு'விலேயே இன்னும் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள், ஏனென்றால் அது இங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மலாக்கா நகரில் நடந்தது. பெண்டாரா துன் முத்தாஹிர், சுல்தான் மாமுட்டின் முதலமைச்சர். அவருடைய பாட்டனார் மணி புரிந்தான் கெலிங் நாட்டிலிருந்து வந்தவர் என்று நூல் சொல்கிறது. ஆளுயரக் கண்ணாடி முன் நின்று ஆடை மாற்றி மாற்றி அழகு பார்ப்பவர் பெண்டாரா என்று அந்த நூலே அவரைச் சித்திரிக்கிறது. அவருடைய மகள் துன் ஃபாத்திமா. அவ்வளவு அழகியைத் தனக்குக் காட்டாமல் துன் அலி என்பவனுக்கு மணம் முடித்துவிட்டாரே என்று சுல்தானுக்கு மனத்தில் தங்கிய கோபம்.

இந்த நேரத்தில் துறைமுகத்தில் ஒரு வழக்கு. ஒரு பக்கம் ஷாபண்டார், அதாவது துறைமுகத் தலைவர், ராஜா மெண்டாலியார். இந்தப் பெயரைத் தமிழ்க் காது உடனே முதலியார் என்று கேட்டுவிடும். இன்னொரு பக்கம் கெலிங் வணிகர் தலைவர் நைனா சூரா தேவானா. நைனா பெண்டாராவுக்குப் பொன் கொடுத்துவிட்டார் என்று கித்துல் என்பவன் போய் மெண்டாலியாரிடம் சொல்கிறான். மெண்டாலியார் பயந்துபோய்க் கடற்படைத் தலைவரான லட்சமணாவுக்குக் கைக்கூலி கொடுக்கிறார். பெண்டாரா அரசைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்ற பொய் சுல்தான் காதுக்குப் போகிறது. பெண்டாராவும், மகனும், மருமகன் துன் அலியும் கொல்லப்படுகிறார்கள். துன் ஃபாத்திமா சுல்தானின் மனைவியாக்கப்படுகிறாள். அதற்குப் பிறகு அவள் சிரித்ததே இல்லை என்று நூல் சொல்கிறது. குற்றச்சாட்டு பொய் என்று தெரிந்ததும் மெண்டாலியாருக்கும் கித்துலுக்கும் மரண தண்டனை. சில காலத்துக்குள், 1511இல், அல்புகெர்க்கின் போர்த்துக்கீசியப் படை மலாக்காவைப் பிடித்தது.

இங்கே இருக்கிறது எல்லாம்: காதல், வஞ்சம், வணிகம், அரசு, தமிழ்ப் பெயர்கள், ஒரு நகரத்தின் வீழ்ச்சி. இதை யாராவது தமிழில் சரித்திர நாவலாக எழுதினால் நாம் எப்படி மதிப்பிடுவோம்? நான் மூன்று இடங்களில் பேனாவை வைத்துப் பார்ப்பேன். துன் ஃபாத்திமாவின் சிரிக்காத முகத்தை, சுல்தானின் அன்பு மெல்ல மெல்லக் கரைத்துவிட்டது என்று எழுதினால் அந்த நூல் தோற்றுவிட்டது. கணவனைக் கொன்றவன் வீட்டில் வாழ்ந்த பெண்ணின் துக்கத்தைக் காதலாக்குவது பொய். அடுத்து, இரண்டு தமிழ் வணிகர்களின் பகையை மூடி மறைத்து, நம்மவர்கள் எல்லாரும் வீரர்கள், தியாகிகள் என்று எழுதினாலும் தோல்விதான். குலப்பெருமைக்காகச் சான்றைத் தின்ற நூல் அது. கடைசியாக, மலாக்காவில் 1512 முதல் 1515 வரை இருந்த போர்த்துக்கீசியர் தோமே பிரெஸ் எழுதிவைத்த குறிப்புகளை அந்த ஆசிரியர் பார்த்தாரா என்று பார்ப்பேன். மலாய் நூல் பெண்டாரா குடும்பத்தின் வழிவந்தவர்கள் பார்வையில் எழுதப்பட்டது, பிரெஸின் எழுத்து வெற்றி பெற்ற அந்நியனின் கண். இரண்டுக்கும் இடைவெளி விழும் இடத்தில்தான் நாவலுக்கு வேலை இருக்கிறது. காஜா பெராங் கம்போங்கில் இன்றும் வாழும் மலாக்கா செட்டிகளை, மலாய் பேசிக்கொண்டே பொங்கலும் தீபாவளியும் கொண்டாடும் அந்த மக்களை, அந்த ஆசிரியர் போய்ப் பார்த்திருந்தால் இன்னும் மகிழ்வேன்.

காதல் நாவலுக்கு வருகிறேன். இங்கே என் கோபம் கூடுகிறது, ஏனென்றால் கேலிக்கு ஆளாகிறவர்கள் நம் பெண்கள்.

தோட்டத்தில் பெண் விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு நின்று, நிரையில் மரம் சீவி, பாலைக் காண்டாவில் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்து, வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்புக்குப் போனாள். அவளுக்கென்று மிஞ்சியது பிற்பகலில் கொஞ்ச நேரம். 1969இல் 'ராணி முத்து' மாத நாவல் தொடங்கிய பிறகு மலிவு விலையில் முழு நாவல் கைக்கு வரும் காலம் பிறந்தது. லட்சுமி, சிவசங்கரி, இந்துமதி, பிறகு ரமணிசந்திரன். ஒரு பிரதி பத்து வீட்டைச் சுற்றி, அட்டை கிழிந்து, கோந்து போட்டு ஒட்டப்பட்டுத் திரும்பும். அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்ற பேராசிரியை காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் போய் உட்கார்ந்து பேசி 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். கதையின் உள்ளடக்கம் ஒரு புறம் இருக்க, படிக்கும் அந்த நேரம்தான் அந்தப் பெண்களுக்கு முக்கியம், எல்லாருக்கும் உழைக்கும் பெண் 'இது என் நேரம்' என்று உரிமை கொள்ளும் வழி அது என்பது அவர் கண்டதில் ஒன்று. லயத்து வாசற்படியில் கால் நீட்டிப் படித்த அம்மாவைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஒரு பேராசிரியை வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னதற்கு நன்றி.

படிப்பவரை மதிப்பது ஒன்று. படித்த நூலை விசாரிக்காமல் விடுவது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தப் பெண்ணின் நேரம் அவ்வளவு அரியது என்றால், அந்த நேரத்தை வாங்கிக்கொண்ட நூலிடம் கடுமையாகவே கணக்குக் கேட்கலாம்.

நான் கேட்பது இவற்றை. காதல் நாவலில் நாயகனும் நாயகியும் பிரிவதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் அவர்கள் குணத்திலிருந்து வருகிறதா, ஒரு கடிதம் தொலைந்து போனதிலிருந்து வருகிறதா? ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' இருநூறு ஆண்டு தாண்டியும் வாசிக்கப்படுவது எதனால்? எலிசபெத்தும் டார்சியும் பிரிந்திருப்பதற்குக் காரணம் அவர்களேதான். தன்னைப் பற்றித் தான் தப்பாக நினைத்திருந்ததை ஒவ்வொருவரும் உணர்ந்த பிறகே சேர முடிகிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் சிக்கலை இருநூறு பக்கம் இழுக்கும் நாவல், வாசகியின் நேரத்தைத் திருடுகிறது.

அடுத்தது பணம். நாயகி எதைச் சாப்பிட்டு வாழ்கிறாள்? வேலை செய்கிறாளா, சம்பளம் யார் கையில் போகிறது, கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை என்ன ஆகிறது? லட்சுமி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரியின் கதைகளை நம் பெண்கள் அவ்வளவு விரும்பியதற்கு, குடும்பத்தைத் தோளில் தூக்கி நிற்கும் பெண்கள் அவற்றில் வந்ததும் ஒரு காரணம். காதல் நாவலில் பணம் பற்றிப் பேசுவது அழகைக் கெடுத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆஸ்டின் ஒவ்வொருவருடைய ஆண்டு வருமானத்தையும் பக்கத்துக்குப் பக்கம் சொல்லிவிட்டுத்தான் காதலுக்கு வருகிறார்.

மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது எனக்குக் குரல் உயரும். நாயகன் அறைகிறான், மிரட்டுகிறான், சந்தேகப்படுகிறான், கட்டாயத்தில் தாலி கட்டுகிறான். பிறகு, அவ்வளவு ஆசை அவனுக்கு என்று நாயகி உருகுகிறாள். இந்த வன்முறையைக் காதல் என்று ஏற்கச் சொல்கிறதா நாவல்? இந்த வாய்பாடு தமிழ்க் காதல் நாவல்களில் நிறைய இருக்கிறது. பழைய மலாய்க் கதைநூலான 'ஹிக்காயாட் ஹங் துவா'விலும் இருக்கிறது. பகாங்கின் துன் தேஜாவை வசியத்தால் தன்மேல் மயங்க வைத்து, மலாக்காவுக்குக் கொண்டு வந்து, அவளைச் சுல்தானிடம் ஒப்படைத்துவிடுகிறான் ஹங் துவா. அரச விசுவாசத்துக்குப் பெயர் போன வீரன் ஒரு பெண்ணின் மனத்தை எப்படிக் கையாண்டான் என்பதைப் படிக்கும் எந்தப் பெண்ணும் அவனை முழு மனத்தோடு மன்னிக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். பழைய நூலிடம் இப்படிக் கேட்கலாம் என்றால், சென்ற மாதம் வந்த நாவலிடமும் கேட்கலாம். ரமணிசந்திரனின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் அவருடைய ஒரு நாவலையாவது எடுத்து இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுச் சுளிக்கட்டும். அவர் நாவல்களுக்குள்ளேயே தேறுபவையும் தேறாதவையும் இருக்கின்றன. வாசகிகளுக்கு அது தெரியும். "அந்தக் கதை பரவாயில்லை, இது சுமார்" என்று அவர்கள் சொல்வது விமர்சனம்தான், யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

நம் நாட்டு நாவல்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', கோ. புண்ணியவானின் 'கையறு' ஆகியவை, 1942, 1943இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் கதைகள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இவை சரித்திர நாவல்கள். அரசர் இல்லை என்பதால் அந்தப் பெயரை இவற்றுக்குத் தர நாம் தயங்குகிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்தால்தான் சரித்திரம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 'வேவர்லி'யே சுமார் அறுபது ஆண்டுக்கு முந்தைய சம்பவங்களைப் பற்றியது.

சாண்டில்யன் ஓட்டிய அதே கடலில் இன்னொரு கலம் ஓடியது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', 1972. மேடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கானில் புயலைக் கடந்து வரும் பாண்டியன், போர், உளவு, துப்பாக்கி, பெண்கள், கடை வீதி. சாகசக் கதைக்குரிய சரக்கு எல்லாமே இருக்கிறது. ஆசிரியர் அந்த ஊர்களில் வட்டிக்கடைப் பையனாக வாழ்ந்தவர் என்பதால் கரையும் தெரிகிறது, கப்பலும் தெரிகிறது. வெளியான காலத்தில் கவனிப்பார் இல்லை, இன்று தமிழின் முதல் வரிசை நாவல்களில் வைக்கிறார்கள். சாகசம் இருப்பதால் ஒரு நாவல் தாழ்ந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

மதிப்பிடக் கற்றுக்கொள்வது இந்த நாட்டுக்குப் புதிதுமில்லை. 1950இல் 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகை வழியாகவே கதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். சுப. நாராயணன் பின்னர் சிங்கப்பூர் 'தமிழ் முர'சில் 'ரசனை வகுப்பு' என்றே ஒன்று நடத்தினார். கோலாலம்பூரில் 'தமிழ் நேச'னில் பணியாற்றிய கு. அழகிரிசாமி எழுத்தாளர்களைக் கூட்டிவைத்துக் கதைகளை அலசினார். தோட்டத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதில் வளர்ந்தார்கள். பல்கலைக்கழகப் பட்டம் யாரும் கேட்கவில்லை.

அதை இங்கே மறுபடி தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். மாதம் ஒரு நூல் போதும். பிள்ளைகள் 'செஜாரா மெலாயு'வின் பெண்டாரா கதையை மலாயில் படித்து வரட்டும், பெற்றோர் தமிழில் ஒரு சரித்திர நாவலைப் படித்து வரட்டும், ஒரே மேசையில் இரண்டையும் வைத்துப் பேசட்டும். அடுத்த மாதம் ஒரு காதல் நாவல், அதற்கடுத்த மாதம் 'சயாம் மரண ரயில்'. முதல் கூட்டத்துக்கு 'கடல் புறா' முதல் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏற்கெனவே இரண்டு மூன்று முறை படித்த அம்மாமார் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் உட்காரட்டும், பட்டம் பெற்றவர்கள் அவர்களைக் கேட்டுக்கொண்டு பேச்சைத் தொடங்கட்டும்.